கெலெவெலெ: கானாவின் கேரமல் வாழைப்பழத் துண்டுகளை வீட்டில் செய்வது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெலெவெலெ என்பது என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரை நாடான கானாவில், பொழுது சாய்ந்த பிறகு தெருவோரங்களில் சுடச்சுட விற்கப்படும் வாழைப்பழப் பண்டம் இது. நன்கு கனிந்த சமையல் வாழைப்பழத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, இஞ்சி, மிளகாய், கிராம்பு, சோம்பு முதலியவற்றை அரைத்த விழுதில் புரட்டி, சூடான எண்ணெயில் ஓரங்கள் கருஞ்சிவப்பாகும் வரை பொரித்தெடுப்பார்கள். பழத்திலேயே இருக்கும் சர்க்கரை எண்ணெயின் சூட்டில் கேரமலாக மாறித் துண்டின் மேல் மெல்லிய, சற்றே ஒட்டும் ஓடாகப் படிகிறது. உள்ளே பழம் குழைந்து மென்மையாக இருக்கும். தலைநகர் அக்ராவில் ஓசு, லபோனே ஆகிய பகுதிகள் இரவு நேரக் கெலெவெலெவுக்குப் பெயர் பெற்றவை. பெரும்பாலும் பெண்களே இந்தக் கடைகளை நடத்துகிறார்கள்; வாங்குபவருக்கு வறுத்த வேர்க்கடலையுடன் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

இது இனிப்பா, கார வகையா? விருந்தின் முடிவில் இனிப்பாகப் பரிமாறலாமா?

இரண்டும்தான். முதலில் நாக்கில் படுவது இனிப்பு. அடுத்து இஞ்சியின் சுருக்கென்ற காரம். கடைசியில் கிராம்பும் சோம்பும் விட்டுச் செல்லும் மணம். கானாவில் இதை மாலைச் சிற்றுண்டியாகவும், உணவுக்குத் துணையாகவும், உணவுக்குப் பிந்தைய இனிப்பாகவும் உண்கிறார்கள். இனிப்பாகப் பரிமாற விரும்பினால் மிளகாயையும் வெங்காயத்தையும் குறைத்து, இஞ்சி, சோம்பு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை முன்னிறுத்துங்கள். வெனிலா ஐஸ்கிரீமுடன் சூடாகப் பரிமாறினால் மிக நன்றாக இருக்கும். உப்பை மட்டும் முழுவதுமாக விட்டுவிட வேண்டாம். சிறிதளவு உப்பு இல்லாத கெலெவெலெ திகட்டிவிடும்.

எந்த வாழைப்பழம் ஏற்றது?

கானாவில் இதற்குப் பயன்படுவது பிளான்டெய்ன் எனப்படும் சமையல் வாழை. அங்கே அபான்ட்டு, அபெம் என்று இரண்டு வகைகள் பெருவழக்கில் உள்ளன. அபெம் குலையில் காய்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் அளவில் சிறியனவாகவும் இருக்கும். அபான்ட்டுக் குலையில் காய்கள் குறைவு; ஆனால் ஒவ்வொன்றும் நீண்டு பருத்திருக்கும். கனிந்த பழத்தைப் பொரிப்பதற்குப் பலரும் விரும்புவது அபான்ட்டு.

நம் ஊரில் இதற்கு மாற்றுத் தேடி அலைய வேண்டியதில்லை. நேந்திரன், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏத்தன் என்று வழங்கும் வாழை, பிளான்டெய்ன் குழுவைச் சேர்ந்ததுதான். ஆகையால் நேந்திரம்பழத்தில் செய்வதை யாரும் சமரசம் என்று கருத வேண்டாம். இது அதே இனத்தின் கனி. வாழை ஆசியாவில் தோன்றிப் பன்னெடுங்காலத்துக்கு முன்பே ஆப்பிரிக்காவைச் சென்றடைந்த பயிர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைவளம் மிக்க காட்டுப் பகுதிகளில் பிளான்டெய்ன் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பல்கிப் பெருகியது. கெலெவெலெ அந்த நீண்ட பழக்கத்திலிருந்து பிறந்த உணவு.

பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, பச்சைநாடான் போன்ற பழங்கள் வேண்டாம். அவை கனியும்போது மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடுவதால், எண்ணெயில் விழுந்ததும் குழைந்து உருவிழந்துவிடும். மொந்தனும், இலங்கையில் சாம்பல் வாழை எனப்படும் கறிவாழையும் சமையலுக்கு உரியவைதான் என்றாலும், காயாகச் சமைக்கும்போது சிறப்பவை. கெலெவெலெவுக்கு வேண்டிய ஆழ்ந்த இனிப்பை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. லண்டனில் வசிப்பவர்கள் பெக்கம், பிரிக்ஸ்டன் பகுதிகளில் உள்ள ஆப்பிரிக்க, கரீபியக் கடைகளில் பிளான்டெய்னையே வாங்கிக்கொள்ளலாம்.

பழம் எந்த அளவுக்குக் கனிந்திருக்க வேண்டும்?

இந்த உணவின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன. மசாலாவில் ஏற்படும் ஏறுமாறுகளை நாக்கு பொறுத்துக்கொள்ளும். பழத்தின் பதம் தவறினால் எந்தக் கைப்பக்குவமும் அதைச் சரிசெய்யாது.

தோல் முழுவதும் பச்சையாக இருக்கும் நிலையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதைப் பொரித்தால் கிடைப்பது சிப்ஸ். தோல் சீரான மஞ்சளாக மாறி, முனைகளில் மட்டும் சற்றே பச்சை தங்கியிருக்கும்போது இனிப்பு தொடங்கியிருக்கும். ஆனால் பழம் இன்னும் கெட்டியாகவும், கடித்தால் சிறிது துவர்ப்பாகவும் இருக்கும். கடையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு பழுத்துவிட்டது என்று எண்ணி உடனே பொரிக்கத் தொடங்குவதால்தான் பலருக்கும் கெலெவெலெ வெளிறிய நிறத்தில், மாவுச்சுவையுடன் அமைந்துவிடுகிறது.

நீங்கள் காத்திருக்க வேண்டியது அடுத்த நிலைக்காக. மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று இணைந்து கோடுகளாகவும் திட்டுகளாகவும் பரவி, தோலில் ஏறத்தாழப் பாதி கறுத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் பழம் சற்று உள்வாங்க வேண்டும்; ஆனால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றுவிடக் கூடாது. காம்பருகே முகர்ந்தால் தேன் போன்ற மணம் வரும். தோலை உரித்துப் பார்த்தால் சதை வெளிர் மஞ்சளிலிருந்து சற்றே செம்மஞ்சளுக்கு மாறியிருக்கும். கத்தி வைத்ததும் தடையின்றி இறங்கினாலும், வெட்டிய துண்டு தன் முனைகளைக் கூர்மையாகவே வைத்திருக்கும். இதுவே கெலெவெலெவின் பதம்.

தோல் முழுவதும் கறுத்து, சதை நெகிழ்ந்துவிட்ட பழத்தில் இனிப்பு உச்சத்தில் இருக்கும். அதையும் சிலர் விரும்பிப் பொரிப்பதுண்டு. ஆனால் முதல் முறை செய்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே வேகும் முன்பே வெளிப்புறம் கருகிவிடும். அத்தகைய பழத்துக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. அவற்றைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காயாக வாங்கியதை வீட்டில் எப்படிப் பழுக்க வைப்பது?

காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்தில் வைத்தாலே போதும். விரைவாகப் பழுக்க வேண்டுமானால், ஏற்கெனவே பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் சேர்த்துத் தாள் பையில் இட்டு மூடி வையுங்கள். பழுத்த பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்கத் தூண்டும். பிளாஸ்டிக் பை ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சணத்தை வரவழைக்கும் என்பதால் அது வேண்டாம்.

பழுக்காத நிலையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே வாழையின் தோல் குளிரால் அடிபட்டுக் கறுத்துவிடும். உள்ளே பழுப்பதோ தடைப்பட்டு நின்றுவிடும். கறுத்த தோலைக் கண்டு கனிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். சரியான பதத்துக்கு வந்த பழத்தை ஓரிரு நாள் தள்ளிப்போட வேண்டியிருந்தால் மட்டும் குளிர்சாதனப் பெட்டியைப் பயன்படுத்தலாம்.

சர்க்கரையோ வெல்லமோ சேர்க்க வேண்டுமா? கேரமல் எங்கிருந்து வருகிறது?

சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சில சமையல் குறிப்புகளில் ஒரு கரண்டி சர்க்கரை சேர்க்கச் சொல்கிறார்கள். பழுக்காத பழத்தை வைத்துக்கொண்டு பழுத்த பழத்தின் நிறத்தை வரவழைக்க அது உதவலாம். ஆனால் மேலே தூவிய சர்க்கரை பழத்துக்கு முன்பே கருகி, எண்ணெயையும் கெடுத்து, அடுத்த ஈடுகளுக்கும் கசப்பைக் கொண்டுவந்துவிடும்.

வாழை கனியும்போது அதிலுள்ள அமைலேஸ் உள்ளிட்ட நொதிகள் மாவுச்சத்தை உடைக்கின்றன. சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் உருவாகின்றன. பிளான்டெய்னின் தனிச்சிறப்பு, இந்த மாற்றம் நிகழும்போதும் அதில் கணிசமான மாவுச்சத்து எஞ்சி நிற்பதுதான். சர்க்கரை நிறத்தையும் இனிப்பையும் தருகிறது. மாவுச்சத்து துண்டின் உருவைக் காக்கிறது. நேந்திரனுக்குப் பதில் பூவன் உதவாததற்கு இதுவே காரணம்.

எண்ணெயில் இட்டதும் முதலில் நிகழ்வது ஈரம் வெளியேறுவது. துண்டின் மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை அங்கு வெப்பம் 100 டிகிரி செல்சியசை அதிகம் தாண்டாது. அந்த ஈரம் வற்றியபின் மேற்பரப்பின் வெப்பம் விறுவிறுவென ஏறுகிறது. ஃப்ரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரியிலும், குளுக்கோசும் சுக்ரோசும் 160 டிகிரிக்கு அருகிலும் கேரமலாகத் தொடங்கும். அத்துடன், பழத்திலும் இஞ்சி வெங்காய விழுதிலும் உள்ள அமினோ அமிலங்கள் சர்க்கரையுடன் வினைபுரிந்து, ரொட்டியின் மேல்தோலில் வருவது போன்ற வறுபட்ட மணத்தை உண்டாக்குகின்றன. இதை மெயிலார்டு வினை என்பார்கள். கெலெவெலெவின் பழுப்பு நிறம் இந்த இரண்டும் சேர்ந்து தருவது.

என்னென்ன மசாலாப் பொருள்கள் தேவை? ஆப்பிரிக்கப் பொருள்கள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். இஞ்சியும் மிளகாயும் உப்பும் எல்லோருக்கும் பொது. வெங்காயம், கிராம்பு, சோம்பு, சாதிக்காய் ஆகியவை பெரும்பாலான குறிப்புகளில் இடம்பெறும். இவை அனைத்தும் நம் அஞ்சறைப்பெட்டியிலோ சமையலறை அலமாரியிலோ இருப்பவை. கானாவில் பயன்படுவது அனீஸ் எனப்படும் சிறு விதை. நம் சோம்பு வேறு செடியின் விதை. எனினும் இரண்டின் மணத்துக்கும் அனெத்தோல் என்ற ஒரே சேர்மம்தான் முதன்மைக் காரணம் என்பதால் தயங்காமல் சோம்பையே பயன்படுத்தலாம்.

கானாவுக்கே உரியவை என்று சொல்லத்தக்க மணப்பொருள்கள் சில உண்டு. முதலாவது ஹ்வென்டியா: கறுத்து, ஒல்லியாக, கணுக்கணுவாகத் தோன்றும் காய். மிளகின் காரமும் புகையில் வாட்டியது போன்ற மணமும் இதில் கலந்திருக்கும். இது சீத்தாப்பழக் குடும்பத்து மரம் ஒன்றின் காய் என்பது நம்மில் பலருக்கும் வியப்பளிக்கும். இரண்டாவது, சொர்க்க மணிகள் என்ற பொருளில் ஐரோப்பியர்கள் பெயரிட்டு அழைத்த மெலகெட்டா மிளகு. இது இஞ்சிக் குடும்பச் செடியின் விதை. இந்த விதைக்காகவே ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஒரு பகுதியை, குறிப்பாக இன்றைய லைபீரியாவை ஒட்டிய பகுதியை, மிளகுக் கடற்கரை என்று அழைத்தார்கள்.

இவை கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஹ்வென்டியாவின் புகைமணத்துக்கு முழுமையான மாற்று கிடையாது. கிடைக்காதபோது, கருமிளகுடன் பிரியாணிக்குப் பயன்படும் கறுப்பு ஏலக்காயின் விதைகள் மூன்று நான்கை நுணுக்கிச் சேர்த்தால் ஓரளவு நெருங்கி வரலாம். சிலர் கரம் மசாலாத் தூளைச் சேர்க்கிறார்கள். மல்லியும் சீரகமும் கலந்த அந்தத் தூள் பண்டத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான்கு பேருக்கு என்ன அளவு?

பதமாகக் கனிந்த நேந்திரம்பழம் 4; தோல் நீக்கிய இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு; சின்ன வெங்காயம் 4; மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, காரம் விரும்புவோர்க்கு ஒரு தேக்கரண்டி; கிராம்பு 3; சோம்பு அரைத் தேக்கரண்டி; மிளகு கால் தேக்கரண்டி; துருவிய சாதிக்காய் இரண்டு சிட்டிகை; உப்பு முக்கால் தேக்கரண்டி; பொரிக்க அரை லிட்டர் எண்ணெய்; உடன் பரிமாற 100 கிராம் வறுத்த வேர்க்கடலை.

பழத்தின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே விழுதை ஒரேயடியாகக் கொட்டாமல், துண்டுகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும் அளவுக்குப் பார்த்துச் சேர்க்கவும்.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கிராம்பு, சோம்பு, மிளகு ஆகியவற்றை வெறும் வாணலியில் மணம் எழும்வரை சூடுகாட்டி, இடிகல்லில் நன்றாகப் பொடித்துக்கொள்ளுங்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் மிகக் குறைந்த நீரில் மைய அரைத்து, அந்தப் பொடியையும் மிளகாய்த்தூள், சாதிக்காய், உப்பு ஆகியவற்றையும் கலக்கவும். விழுது கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்துப் போனால் எண்ணெயில் வெடித்துச் சிதறும். இஞ்சி நாரோடு இருந்தால் விழுதை ஒருமுறை வடிகட்டிக்கொள்வது நல்லது. எண்ணெயில் முதலில் கருகுவது அந்த நார்தான்.

பழத்தின் இரு முனைகளையும் நறுக்கி, தோலை நீளவாக்கில் கீறி உரிக்கவும். கானாவின் விற்பனையாளர்கள் பழத்தைப் பலகையில் வைக்காமல் கையில் பிடித்தபடியே சாய்வாகச் சீவி, ஒழுங்கற்ற சாய்சதுரத் துண்டுகளாகப் பாத்திரத்தில் விழச் செய்வார்கள். வீட்டில் பலகையிலேயே வெட்டலாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிறகு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் சாய்வாக வெட்டினால் போதும். சாய்வாக வெட்டும்போது கிடைக்கும் மெல்லிய ஓரங்கள்தான் முதலில் கேரமலாகி முறுகுகின்றன. நடுப்பகுதி தடித்திருப்பதால் மென்மையாகவே நிற்கிறது. வட்டமாக வெட்டினால் இந்த வேறுபாடு கிடைக்காது.

துண்டுகளை விழுதில் கையால் மெல்லப் புரட்டி, 15 முதல் 20 நிமிடங்கள் ஊற விடவும். அதற்கு மேல் வைத்தால் உப்பு பழத்தின் நீரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும்; பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கும்; பொரிக்கும்போது துண்டுகள் வறுபடாமல் வேகத் தொடங்கும்.

கனமான வாணலியில் எண்ணெயை ஊற்றி 170 முதல் 175 டிகிரி வரை சூடேற்றவும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அது உள்ளே அமிழ்ந்து, ஓரிரு நொடிகளில் குமிழிகள் சூழ மேலே வந்தால் சூடு சரி. ஒரு ஈட்டுக்கு வாணலியின் பரப்பில் பாதி நிறையும் அளவுக்கு மட்டும் துண்டுகளைத் தனித்தனியாக இடவும். முதல் ஒரு நிமிடம் கரண்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். விழுது பழத்தின் மேல் இறுகிப் பிடிக்க அந்த நேரம் தேவை.

அதன்பின் கண்ணும் காதும் வாணலியிலேயே இருக்கட்டும். தொடக்கத்தில் குமிழிகள் பெரியனவாக, சத்தத்துடன் எழும். பழத்தின் ஈரம் ஆவியாவதால் வருவது அது. இரண்டு மூன்று நிமிடங்களில் துண்டுகள் பொன்னிறமாகும். பலரும் எடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் கேரமல் இனிமேல்தான் தொடங்குகிறது. குமிழிகள் சிறுத்து, சத்தம் அடங்கி, ஓரங்கள் முதலில் செம்பழுப்பாகவும் பிறகு கருஞ்சிவப்பாகவும் மாறும். இந்த இறுதி ஒன்றரை நிமிடத்தில் நிறம் மிக வேகமாக மாறுவதால் வேறு வேலைக்குத் திரும்பக் கூடாது. ஓரங்கள் கறுத்து, நடுப்பகுதி அடர்ந்த தேன் நிறத்தில் இருக்கும்போது ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்து, கம்பித் தட்டில் பரப்புங்கள். மொத்தத்தில் ஒரு ஈட்டுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடங்கள் ஆகலாம்.

எடுத்த உடனே துண்டு மென்மையாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் ஆறியதும் கேரமல் இறுகி, ஓரங்களில் முறுகல் வரும். சூடு ஆறுவதற்குள் வாயிலிட வேண்டாம். உருகிய சர்க்கரை நாக்கைச் சுட்டுவிடும்.

எந்த எண்ணெயில் பொரிக்க வேண்டும்?

சூரியகாந்தி, கடலை எண்ணெய் போன்று அதிகச் சூடு தாங்கும், தன் மணம் மேலோங்காத எண்ணெய் எதுவும் ஏற்றது. தேங்காயெண்ணெயில் பொரித்தால் தனிச்சுவை உண்டு. கானாவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் தேங்காயெண்ணெய்ச் சமையல் பழக்கமும் இருக்கிறது. ஆனால் அது சற்று முன்னதாகவே புகையத் தொடங்கும்; சூட்டை 170 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் பாரம்பரியச் செம்பனை எண்ணெய் கரோட்டின் நிறைந்த, ஆழ்ந்த சிவப்பு நிறமும் தனி மணமும் கொண்டது. நம் கடைகளில் பாமாயில் என்று கிடைப்பது அந்த நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

துண்டுகள் எண்ணெய் குடித்துவிடுகின்றன. சில சமயம் வெளியே கறுத்து உள்ளே வேகாமல் இருக்கின்றன. காரணம் என்ன?

எண்ணெய் குடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு போதாமை. துண்டுகளை அளவுக்கு மீறி ஒரே ஈட்டில் போட்டால் எண்ணெயின் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். மேற்பரப்பு விரைவாக இறுகாமல் எண்ணெயை உள்வாங்கும். வெளியே கறுத்து உள்ளே வேகாமல் போவது இதற்கு நேர்மாறு: எண்ணெய் மிகச் சூடாக இருந்திருக்கும், அல்லது துண்டுகள் மிகப் பெரியனவாக இருந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் நிறமே வரவில்லை என்றால் பழம் போதுமான அளவு கனியவில்லை என்று பொருள். அப்போது சூட்டைக் கூட்டிப் பயனில்லை; மீதியுள்ள பழங்களை இரண்டு நாள் கழித்துச் செய்யுங்கள்.

துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாணலியிலேயே பிரிக்க முயல வேண்டாம். வெளியே எடுத்து ஆறியபின் பிரித்தால் தாமாகவே விலகும். விழுதின் துகள்கள் எண்ணெயில் தங்கிக் கருகத் தொடங்கினால், ஒவ்வொரு ஈட்டுக்கும் இடையில் அவற்றை வலைக்கரண்டியால் அரித்து எடுத்துவிட வேண்டும்.

எண்ணெயில் பொரிக்காமல் ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ செய்யலாமா?

செய்யலாம், தெருவில் விற்கும் கெலெவெலெவின் முறுகல் அப்படியே வராது, ஆனால் கேரமல் சுவை நன்றாகவே வரும். ஊறிய துண்டுகளில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைப் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, 200 டிகிரி சூட்டில் 25 முதல் 30 நிமிடங்கள் வைக்கவும். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிவிடவும். ஏர் ஃபிரையரில் 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடங்கள் போதும். இந்த முறைக்குப் பழம் இன்னும் சற்றுக் கூடுதலாகக் கனிந்திருப்பது நல்லது. தட்டில் சமையல் தாள் விரிக்க மறக்காதீர்கள்; வழிந்து இறுகிய கேரமலைத் தட்டிலிருந்து சுரண்டுவது கடினம்.

வேர்க்கடலை கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் அதை விட்டுவிட்டு உண்பவர்கள் இந்தப் பண்டத்தைப் பாதிதான் உண்டதாகச் சொல்வேன். பழத்தின் குழைவுக்கும் இனிப்புக்கும் வறுத்த கடலையின் மொறுமொறுப்பும் கொழுப்பும் எதிரிணையாக அமைகின்றன. தோலுடன் வறுத்த, உப்பிடாத கடலை சிறந்தது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தேங்காய்ச் சில்லுகளை வறுத்துத் தரலாம்.

அலோகோ, டோடோ என்று சொல்லப்படுபவையும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆனால் ஒன்றல்ல. அலோகோ ஐவரி கோஸ்ட்டின் உணவு. கனிந்த பிளான்டெய்னை மசாலா இல்லாமல், மரபாகச் செம்பனை எண்ணெயில் பொரித்து, வெங்காயம், தக்காளி, மிளகாய் சேர்ந்த துணைக்குழம்புடனோ மீனுடனோ உண்பார்கள். அபிஜான் நகரின் கொக்கோடி பகுதியில் அலோகோட்ரோம் என்ற பெயரிலேயே ஓர் உணவுத் திடல் இருக்கிறது என்றால் அந்த ஊரார் இதன்மேல் வைத்திருக்கும் விருப்பத்தைப் புரிந்துகொள்ளலாம். டோடோ நைஜீரியாவுடையது, உப்பு மட்டும் சேர்த்துப் பொரித்து, பெரும்பாலும் தக்காளி சேர்த்துச் சமைக்கும் ஜொலோஃப் சோற்றுக்குத் துணையாகப் பரிமாறுவார்கள்.

பொரிக்கும் முன்பே மசாலாவில் ஊற வைப்பது கெலெவெலெவின் தனி அடையாளம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் செய்யப்படும் பழம்பொரியும் நேந்திரம்பழத்தில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அதில் மாவுக் கரைசல் பழத்தை மூடிவிடுவதால் பழத்தின் சர்க்கரை நேரடியாக எண்ணெயின் சூட்டைச் சந்திப்பதில்லை. ஆகவே அங்கே இந்தக் கேரமல் உருவாவதில்லை.

பழம் முழுவதும் கறுத்து நெகிழ்ந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

புளித்த வாடையோ பூஞ்சணமோ இல்லாதவரை வேண்டவே வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்கச் சமையல் இந்த நிலையிலுள்ள பழத்துக்கென்றே தனி உணவுகளை வைத்திருக்கிறது. கானாவில் அதை மசித்து, வெங்காயம், இஞ்சி, மிளகாய், சிறிது மாவு சேர்த்து, கல்லில் தட்டையாக வார்த்து டட்டாலே செய்வார்கள். அதே கலவையைச் சற்றுக் கெட்டியாக்கி உருண்டைகளாகப் பொரித்தால் காக்லோ. ஐவரி கோஸ்ட்டில் இதன் உடன்பிறப்புக்குக் கிளாக்லோ என்று பெயர். நைஜீரியாவின் ஓசுன் மாநிலத்தில் இக்கிரே என்ற ஊரின் பெயரைத் தாங்கிய டோடோ இக்கிரேவும் மிகக் கனிந்த பழத்தில் மிளகாய் சேர்த்துப் பனை எண்ணெயில் கருநிறம் வரும்வரை பொரித்து உருட்டப்படுவதுதான்.

வீட்டில் எளிதாகச் செய்ய டட்டாலேயே ஏற்றது. இரண்டு பழத்துக்கு நான்கு மேசைக்கரண்டி சோளமாவோ அரிசிமாவோ சேர்த்து, அரை மணி நேரம் வைத்திருந்து, தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் சிவக்க எடுங்கள். தீ அதிகமானால் சர்க்கரை கல்லில் ஒட்டிக் கருகும்.

குழந்தைகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தரலாமா?

குழந்தைகளுக்கு மிளகாயையும் மிளகையும் தவிர்த்து, இஞ்சியைப் பாதியாக்கித் தரலாம். மிகச் சிறு குழந்தைகளுக்கு வேர்க்கடலையை முழுதாகத் தர வேண்டாம். தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கனிந்த நேந்திரம்பழத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறையவே உள்ளன. மருத்துவர் வகுத்த உணவுமுறைக்கு உட்பட்டு, சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு சில துண்டுகள் உண்பதே சரி.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா? மீந்ததை என்ன செய்வது?

பொரித்த கெலெவெலெ காத்திருக்காது. அரை மணி நேரத்தில் பழத்தின் உள்ளீரம் வெளியே வந்து மேல்தோலை மெத்தென்று ஆக்கிவிடும். விருந்துக்குச் செய்வதானால் விழுதை முதல் நாளே அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, விருந்தினர் உணவில் கைவைத்த பிறகு பழத்தை வெட்டி ஊற வைத்தால், இனிப்புக்கான நேரத்தில் பொரிக்கச் சரியாக இருக்கும். பதமான பழங்கள் நிறையக் கிடைத்துவிட்டால், தோலுரித்து வெட்டி, தட்டில் பரப்பி உறைய வைத்தபின் பையில் சேர்த்து வைக்கலாம். பயன்படுத்தும்போது உறைபனி முழுவதும் இளகிய பின், மேலுள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டே விழுதில் புரட்ட வேண்டும். ஈரத்தோடு எண்ணெயில் இட்டால் ஆபத்தாகத் தெறிக்கும்.

மீந்த துண்டுகளை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வரை வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேலும் குழைந்துவிடும். எண்ணெய் விடாத இரும்புத் தோசைக்கல்லில் இளந்தீயில் புரட்டினால் ஓரங்களின் முறுகல் ஓரளவு திரும்பும்.